பந்தும் உத்தியோகமும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலை, சிறுமலையின் அடிவாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடி, மாந்தோப்புகள் மிகுந்த நத்தம் வட்டாரத்தை அடையும் இடத்தில், ஒரு பொறியியற் கல்லூரியின் எல்லைக்குள், முதல்தரப் பந்தயங்களுக்கு உரிய கிரிக்கெட் மைதானம் ஒன்று அமைந்திருக்கிறது. என்.பி.ஆர். கல்லூரி மைதானம் என்பது அதன் பெயர். ஆயினும் பத்திரிகைகளுக்கு அது திண்டுக்கல் மைதானம்தான். நத்தத்துக்காரர்கள் இதற்காக மனம் வருந்தினால் அது நியாயமான வருத்தமே. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 9 முதல் 12 வரை நான்கு நாட்கள் அங்கே தமிழ்நாடும் கர்நாடகமும் ரஞ்சிக் கோப்பைக்காக ஆடின. முதல் இன்னிங்ஸில் கர்நாடகம் 336, தமிழ்நாடு 307. இரண்டாவது இன்னிங்ஸில் கர்நாடகம் 151-க்குச் சுருண்டுவிட, 181 எடுத்தால் வெற்றி என்று எளிதாகத் தோன்றிய இலக்கை நோக்கிப் புறப்பட்ட நம்மவர்கள், கிருஷ்ணப்ப கௌதம் என்ற சுழற்பந்து வீச்சாளரிடம் எட்டு விக்கெட்டுகளைப் பறிகொடுத்து, 154-இல் அடங்கி, 26 ஓட்டங்களில் தோற்றார்கள்.

இந்தப் பந்தயத்துக்கு எண்பத்தைந்து ஆண்டு மூத்த ஒரு பந்தயம் உண்டு. 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில், இதே இரண்டு அணிகள், அந்நாளைய வழக்கப்படி சென்னை என்றும் மைசூர் என்றும் பெயர் தாங்கி மோதியதே ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதற் பந்தயம். அதற்கு நான்கு நாட்கள் தேவைப்படவில்லை. ஒரே நாள் போதுமானதாயிற்று. மைசூர் 48-க்கும் 59-க்கும் வீழ்ந்தது. இடையில் ஆடிய சென்னை 130 எடுத்து, இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றது. ஏ.ஜி. ராம்சிங் 35 ஓட்டங்கள் கொடுத்துப் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆனால் அந்தக் கோப்பையின் சரித்திரத்தில் முதல் பந்தை வீசிய கை ராம்சிங்கினுடையதன்று. மைசூரின் கர்டிஸ் மட்டையுடன் எதிரே நிற்க, அதை வீசியவர் செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்து திருவல்லிக்கேணியில் ஆடி வளர்ந்த எம்.ஜே. கோபாலன்.

நத்தத்தில் ஆடியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் நிர்ணயிக்கப்பட்டிருந்தது; அதை அவர்கள் மறைக்கவும் இல்லை, அதைப்பற்றி யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. 1934-இல் சேப்பாக்கத்தில் ஆடியவர்களோ, ஆட்டத்துக்குக் கூலி வாங்குவதைக் கௌரவக் குறைவாகக் கருதிய ஒரு சம்பிரதாயத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அவ்வாறாயின் கோபாலனைப் போன்ற, ஜமீன்தாரும் அல்லாத, வக்கீலும் அல்லாத ஒரு மனிதர், ஆண்டின் பல மாதங்களை மைதானத்தில் கழித்துவிட்டு, வீட்டில் அடுப்பு எரிவதற்கு என்ன செய்தார் என்ற கேள்வி எழுகிறது. ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையில் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் எண்ணுவதைக் காட்டிலும் இந்தக் கேள்வியை ஆராய்வது அதிகம் சொல்லும் என்பது என் அபிப்பிராயம்.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இதை யோசிப்பவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்த ஊரும் இதன் சுற்றுவட்டாரமும் புகையிலையால் பெயர் பெற்றவை. திருச்சிச் சுருட்டு என்று சீமையிலே பிரசித்தி பெற்று, ஷெர்லாக் ஹோம்ஸின் முதற் கதையிலேயே துப்பறியும் சாம்பலாக இடம்பெற்ற சுருட்டுக்குரிய இலையில் பெரும்பகுதி இந்தச் சமவெளியில் விளைந்ததுதான். பின்னாளில் ஸ்பென்ஸர் கம்பெனியார் இங்கேயே தொழிற்சாலை வைத்துச் சுருட்டுச் செய்வித்தார்கள். சர்ச்சில் துரை வாயில் வைத்தது நம் ஊர்ச் சுருட்டுத்தான் என்று பெருமை பேசுகிறவர்களோடு இப்போது வழக்காட வேண்டியதில்லை. சுருட்டுத் தொழிலாளியின் விரலுக்கு எண்ணிக்கையே கூலி. நூற்றுக்கு இவ்வளவு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது தவிர அவனுடைய கைத்திறனுக்கு வேறு அளவுகோல் கிடையாது. இலையை உருட்டும் விரலுக்கு எண்ணிக் கொடுப்பதைப் போலவே பந்தை உருட்டும் விரலுக்கும் எண்ணிக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் இந்த ஊர்க்காரனுக்கு இயல்பாகவே தோன்றும். அப்படிக் கொடுத்த தேசமும் ஒன்று உண்டு.

அமெரிக்கர்கள் திண்டுக்கல்லுக்குப் புதியவர்கள் அல்லர். 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் அடுத்த ஆண்டே இங்கே ஒரு நிலையத்தை ஏற்படுத்தினார்கள். சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் தாளாமல், பழனிமலைத் தொடரின் உச்சிக்கு ஏறி, 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிக்கொண்டவர்களும் அவர்களே. அதே 1845-ஆம் ஆண்டில்தான் நியூயார்க் நகரத்தில் நிக்கர்பாக்கர் சங்கத்தார் பேஸ்பால் ஆட்டத்துக்கு விதிகளை எழுதிவைத்தார்கள். ஒரு தேசத்து மக்களில் ஒரு பகுதியார் நம் மலையில் கல் சுமக்கச் செய்துகொண்டிருந்தபோது இன்னொரு பகுதியார் தங்கள் ஊரில் பந்துக்குச் சட்டம் செய்துகொண்டிருந்தார்கள். மிஷனார் இங்கே பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் கொண்டுவந்தார்கள். பேஸ்பாலைக் கொண்டுவந்து வேரூன்றச் செய்யவில்லை. அமெரிக்கர் இந்த மாகாணத்துக்கு விளையாட்டு என்று ஒன்றைச் சிரத்தையாகக் கற்பிக்க முற்பட்டது 1920-இல், ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய போதுதான். அதுவும் ஆரோக்கியத்துக்காகவும் ஒழுக்கத்துக்காகவும் ஆடும் ஆட்டமே அன்றி, ஜீவனத்துக்காக ஆடும் ஆட்டம் அன்று.

ஜீவனத்துக்காக ஆடும் ஆட்டம் அவர்கள் தேசத்தில் 1869-லேயே பகிரங்கமாகத் தொடங்கிவிட்டது. சின்சினாட்டி நகரத்துச் செங்காலுறை அணியினர் அனைவருக்கும் அவ்வாண்டு சம்பளம் கொடுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அது பெரிய வியாபாரம். எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்குப் புகையிலைதான் மறுபடியும் சாட்சி. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி தன் சிகரெட்டுப் பெட்டிகளுக்குள் ஆட்டக்காரர்களின் வர்ணப் படங்களைச் சிறு அட்டைகளாக அச்சிட்டு வைத்தது. பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் தம் படத்தை அவ்வாறு வெளியிட உடன்படாமையால், வெளிவந்த சில பிரதிகளோடு அது நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பாரும் உண்டு, தமக்குப் பணம் தரப்படவில்லை என்று கோபித்துக்கொண்டார் என்பாரும் உண்டு. எஞ்சிய அட்டைகளுள் ஒன்று 2022-இல் 72 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. புகையிலை அழிந்து புகையாகிவிட்டது. அதற்குக் கொசுறாக வந்த காகிதம் சொத்தாகிவிட்டது.

அந்தத் தலைமுறையின் வெளிக்கள ஆட்டக்காரர்களுள் ஒருவரான ஜோ ஜாக்சனின் வாழ்க்கையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால், நூற்பாலைகள் நிறைந்த நம் பக்கத்து மனிதனுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. தென் கரோலினாவில் 1887-இல் பிறந்த அவர், பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க வேண்டிய வயதிலேயே பஞ்சாலைக்குள் கூலிக்குச் சேர்ந்தார். எழுத்தறிவு அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. கிரீன்வில் நகரத்து பிராண்டன் ஆலைக்குச் சொந்தமான அணியில் பதின்மூன்று வயதில் இடம் பெற்றார். ஆலை முதலாளிகள் இத்தகைய அணிகளை வைத்துப் போஷித்ததற்குத் தொழிலாளர்களின் பொழுதுபோக்கு ஒரு காரணம். ஊருக்கு ஊர் இருந்த போட்டி இன்னொரு காரணம். கூட்டமாக ஆடிக்களித்தவர்கள் கூட்டமாகக் கூலி உயர்வு கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை மூன்றாவது காரணமாக இருந்திருக்கலாம். புதிய காலணி கடித்ததால் அதைக் கழற்றிவிட்டு ஆடினார் என்பதற்காக அவருக்கு விழுந்த 'செருப்பில்லாத ஜோ' என்ற பெயர், அவர் விரும்பாமலே, அவருடன் கடைசிவரை வந்தது. 1911-இல், முழு ஆண்டும் பெரிய அணிக்கு ஆடிய முதற் பருவத்தில், நூறு முறை மட்டையெடுத்தால் நாற்பது முறைக்கு மேல் வெற்றிகரமாக அடித்தார் என்ற கணக்கில் .408 என்ற சராசரியை எட்டினார். அந்த ஆட்டத்தின் நுட்பம் அறியாதவர்களுக்குச் சொல்வதானால், பத்தில் மூன்று முறை அடித்தாலே அங்கே ஒருவன் கெட்டிக்காரன்.

ஆனால் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரன் என்பவன் சுதந்திரமான ஆட்டக்காரன் என்று எண்ணிவிடக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தபின்னும் ஆட்டக்காரனைத் தன்னிடமே நிறுத்திவைத்துக்கொள்ளும் உரிமை அணி முதலாளிக்கு உண்டு என்ற ஒரு விதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புகுந்துவிட்டது. அந்த முதலாளி கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆடலாம். அல்லது ஆட்டத்தையே விட்டுவிட்டு மறுபடியும் ஆலைக்குப் போகலாம். வேறொரு அணிக்குப் போக மட்டும் முடியாது. முதலாளி விரும்பினாலோ அவனை விற்கலாம். ஜாக்சனும் இவ்வாறே 1915-இல் கிளீவ்லாந்திலிருந்து சிகாகோவுக்கு விற்கப்பட்டார். 1919-ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில், சூதாடிகளிடம் பணம் பெற்றுக்கொண்டு தோற்றதாக அந்தச் சிகாகோ அணியின் எட்டுப் பேர்மீது பழி எழுந்தது. ஜாக்சன் 5,000 டாலர் தம் கைக்கு வந்ததை ஒப்புக்கொண்டார். ஆயினும் அதே போட்டியில் அவர் பன்னிரண்டு முறை அடித்து .375 என்ற சராசரியுடன் ஆடியிருந்தார் என்பதால், அவர் உண்மையில் தோற்க முயன்றாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 1921 ஆகஸ்டில் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். மறுநாளே, பேஸ்பாலின் தலைமை ஆணையராக அமர்ந்திருந்த நீதிபதி லாண்டிஸ், எட்டுப் பேரையும் ஆயுட்காலத்துக்கும் விலக்கிவைத்தார். ஜாக்சன் துணி வெளுக்கும் கடையும் பிறகு மதுக்கடையும் நடத்தி 1951-இல் காலமானார். அந்தத் தடை நீக்கப்பட்டது 2025 மே மாதத்தில்.

இனிச் சென்னைக்கு வரலாம். இங்கே ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களோடு கூடவே அவர்களுடைய சாதிப் பிரிவும் வந்தது. இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் 'கனவான்கள்' என்றும் 'ஆட்டக்காரர்கள்' என்றும் இரு வகுப்பினர்; முன்னவர் பொழுதுபோக்காக ஆடுபவர், பின்னவர் கூலிக்கு ஆடுபவர்; மைதானத்துக்குள் இருசாராரும் இறங்கும் வாசல்கூட வேறுவேறு; இந்தப் பேதம் 1962 வரை நீடித்தது. 1846-இல் நிறுவப்பட்டுப் பின்னர்ச் சேப்பாக்கத்தில் நிலைகொண்ட சென்னை கிரிக்கெட் கிளப், கனவான்களின் கிளப். அதிலும் வெள்ளைக் கனவான்களின் கிளப். அங்கே இந்தியர்களுக்கு நேர்ந்த அவமதிப்பைக் கண்டு மனம் கொதித்த புச்சிபாபு நாயுடு என்ற செல்வர் 1888-இல் சென்னை யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, ஆடத் தெரிந்த இளைஞர்களுக்குத் தம் செலவில் உடையும் மட்டையும் கொடுத்துப் பழக்கினார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் நேருக்கு நேர் மோதும் பந்தயம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அது நடைபெறுவதற்குச் சற்று முன்பு, 1908 டிசம்பரில் அவர் காலமானார். அந்த ஏற்பாடே பின்னர்ப் பொங்கல் காலத்து மாகாணப் பந்தயமாக வளர்ந்து, நாடு விடுதலையடைந்த பிறகும் சில ஆண்டுகள் நடந்தது.

அப்படியானால் கூலிக்குப் பந்து வீசியவர்கள் இந்தியாவில் இல்லையா என்றால், இருந்தார்கள்; ஆனால் அவர்களை ஆட்டக்காரர் என்று யாரும் அழைக்கவில்லை. புனே நகரத்து ஐரோப்பியர் ஜிம்கானாவில் மைதானத்தைப் பெருக்கி, உருளை இழுத்து, வலை கட்டுவதற்கு மாதம் நான்கு ரூபாய் சம்பளத்தில் அமர்ந்த பல்வங்கர் பாலூ, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குலத்தில் பிறந்தவர். துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசி வீசியே நாட்டின் தலைசிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரானார். கிரெய்க் என்ற துரை, தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது மெய்யானால், சுருட்டுத் தொழிலாளியின் எண்ணிக்கைக் கூலியேதான்! பல மணிநேரம் அவரிடம் பந்து வீச்சை வாங்கிய அந்தத் துரைமார்கள் ஒருநாளும் அவர் கையில் மட்டையைக் கொடுத்து ஆடச்சொல்லவில்லை. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை அவர் எடுத்து வந்தபின்னும், ஹிந்துக்கள் அணிக்குத் தலைவராகும் பேறு அவருக்கு ஒருபோதும் வழங்கப்படவில்லை.

கோபாலனின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கேம்பிரிட்ஜிலும் கெண்ட் மாவட்ட அணியிலும் ஆடிவிட்டு உத்தியோக நிமித்தமாகச் சென்னைக்கு வந்திருந்த சி.பி. ஜான்ஸ்டன் என்ற துரை, மாகாணத்தின் ஆங்கிலேயர்களுள் ஆட்டத்தை நிறம் பாராமல் நேசித்த ஒருசிலரில் ஒருவர். உயர்ந்த உடலும் தளராத தோளும் கொண்ட இந்த வாலிபரைக் கண்டெடுத்தவர் அவரே. கண்டெடுத்தவர் செய்த காரியம் இரண்டு: ஒன்று, திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் இடம் கிடைக்கச் செய்தார், மற்றொன்று, தாம் பணிபுரிந்த பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை வாங்கிக்கொடுத்தார். முதலாவது காரியத்தைத்தான் கிரிக்கெட் எழுத்தாளர்கள் விரிவாக வருணிப்பார்கள். நான் இரண்டாவதையே பெரிதாகக் கருதுகிறேன். அந்த மேஜையும் நாற்காலியும் இல்லாமற்போயிருந்தால் அந்தத் தோள் எத்தனை பருவம் தாங்கியிருக்கும்? மின்சாரம் எட்டிப்பாராத அக்காலத்துத் திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களில், மாட்டுவண்டியில் தகரம் தகரமாக வந்திறங்கி, அரிக்கேன் விளக்குக்குப் படிக்கணக்கில் அளந்து விற்கப்பட்ட மண்ணெண்ணெய், அத்தகைய கம்பெனிகளின் சரக்கு. வேடசந்தூரிலோ நிலக்கோட்டையிலோ விளக்கேற்றிய ஒரு குடியானவன், தான் அறியாமலே, சேப்பாக்கத்தில் பந்து வீசிய ஒருவரின் சம்பளத்தில் பங்கு செலுத்தியிருக்கிறான்.

இதனால் கோபாலன் சட்டப்படி கனவானாகவும் நடைமுறையில் ஆட்டக்காரராகவும் இருக்க முடிந்தது. ஆட்டத்துக்காக அவர் கைநீட்டிக் காசு வாங்கவில்லை. கம்பெனி கொடுத்தது உத்தியோகத்துக்குரிய சம்பளம். ஆனால் அந்த உத்தியோகம் பந்தினால் வந்தது என்பதையும், பந்தயக் காலங்களில் விடுமுறை தடையின்றிக் கிடைத்தால்தான் அது நிலைக்கும் என்பதையும் எல்லாரும் அறிவார்கள். அமெரிக்காவில் ஆலை முதலாளி வெளிப்படையாகச் செய்ததை இங்கே எண்ணெய்க் கம்பெனி மரியாதையான உடை உடுத்திச் செய்தது.

அவருடைய ஆட்டத்தைப்பற்றி இரண்டொரு வார்த்தை. மிதமான வேகத்தில் பந்தை இருபுறமும் திருப்பும் வல்லமை அவருக்கு உண்டு. கயிற்றுப்பாய் விரித்த ஆடுகளங்களில் அது கொடியதாயிற்று. 1930-இல் விஜயநகரம் இளவரசரின் அணியோடு சென்னைக்கு வந்த ஜாக் ஹாப்ஸை, உலகத்தின் முதல்தர மட்டைவீரர் என்று அக்காலம் ஒப்புக்கொண்ட அந்தப் பெரியவரை, அவர் வீழ்த்தியது சென்னை ரசிகர்களின் பேச்சில் வெகுகாலம் நின்றது. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்துக்கு எதிராக, சி.கே. நாயுடுவின் தலைமையில் இந்தியாவுக்கு ஆடினார். ஆட்டமிழக்காத 11-உம் பின்னர் 7-உம் எடுத்தார். ஒரு விக்கெட் கிடைத்தது. அடுத்த மாதமே டெஸ்ட் பந்தயம் சேப்பாக்கத்துக்கு, அவர் பல ஆண்டு ஓடி ஓடிப் பதம் பார்த்த மண்ணுக்கே, வந்தபோது அணியில் அவர் பெயர் இல்லை. அதன்பின் எந்த டெஸ்டிலும் இல்லை. முதல்தரப் பந்தயங்களில் இருநூற்றுக்குச் சற்றே குறைந்த விக்கெட்டுகளையும் மூவாயிரத்துக்குச் சற்றே குறைந்த ஓட்டங்களையும் சேர்த்த ஒருவருக்கு டெஸ்ட் வாழ்க்கை கல்கத்தாவின் அந்த நான்கு நாட்களோடு முடிந்துவிட்டது.

இவை அனைத்தையும்விட அவர் பெயரை நிலைநாட்டியது அவர் ஆடிய இன்னோர் ஆட்டமும், ஆட மறுத்த ஒரு போட்டியும் ஆகும். ஹாக்கியில் அவர் மைய நடுக்கள ஆட்டக்காரர். 1935-இல் தியான்சந்த் தலைமையில் இந்திய அணி நியூஜிலாந்துக்குப் பிரயாணம் செய்தபோது அதில் அவரும் இருந்தார். அந்த அணி நாற்பத்தெட்டுப் பந்தயங்களில் 584 கோல்கள் போட்டது; தியான்சந்த் மட்டும் 201. அந்தத் தியான்சந்தும் ஜீவனத்துக்கு என்ன செய்தார் என்று கேட்டால், 1922-இல் சாதாரணச் சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்து, கோல் போட்டுப் போட்டே படிப்படியாகப் பதவி உயர்ந்தவர் அவர் என்பதுதான் விடை. அவருக்குச் சோறு போட்டது பட்டாளம்; கோபாலனுக்கு எண்ணெய்க் கம்பெனி.

1936-ஆம் ஆண்டுக் கோடையில் இரண்டு கப்பல்கள் அவரை அழைத்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் ஹாக்கி அணியின் கப்பல். அதற்கு அவர் பரிசீலனையில் இருந்தார். மற்றொன்று இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியின் கப்பல். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார். கிரிக்கெட் அணிக்குத் தலைவர், ஆட்டத்தைக் காட்டிலும் செல்வாக்கினால் அப்பதவியை அடைந்த விஜயநகரம் இளவரசர். முதல் டெஸ்ட் தொடங்கும் முன்பே லாலா அமர்நாத் ஒழுங்கீனம் என்ற பெயரால் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டார். அணிக்குள் கட்சி பிரிந்து, மூன்று டெஸ்டுகளில் இரண்டில் தோற்றுத் திரும்பினார்கள். கோபாலனுக்கு மூன்றில் ஒன்றில்கூட இடம் கிடைக்கவில்லை. அவர் லண்டனில் உடைமாற்றும் அறையில் காத்திருந்த அந்தக் கோடையிலேயே, ஆகஸ்ட் 15-ஆம் தேதி, பெர்லினில் தியான்சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது.

இதை ஒரு துரதிருஷ்டம் என்று எழுதி முடித்துவிடுவது எல்லாருக்கும் வழக்கம். எனக்கோ அது வெறும் விதியின் விளையாட்டாகத் தோன்றவில்லை. ஹாக்கி அக்காலத்தில் ரெஜிமெண்டுகளின் ஆட்டமாகவும், ரயில்வேயிலும் தந்தி இலாகாவிலும் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியர்களின் ஆட்டமாகவும் இருந்தது. கிரிக்கெட்டோ கவர்னரும் மகாராஜாக்களும் கம்பெனி மானேஜர்களும் அமர்ந்து பார்த்த ஆட்டம். உலகத்திலேயே எவராலும் வெல்லமுடியாத அணி ஒன்று, தோற்பது உறுதியான அணி ஒன்று என இரண்டையும் எதிரே வைத்தால், விளையாட்டு வீரனுடைய அறிவு முதலாவதைத்தான் காட்டும். உத்தியோகஸ்தனுடைய அறிவு இரண்டாவதைக் காட்டுவதில் வியப்பில்லை. கிரிக்கெட்டினால் வேலை பெற்ற ஒருவர், கிரிக்கெட் பருவத்தில் ஹாக்கிக் கோலைத் தூக்கிக்கொண்டு ஜெர்மனிக்குப் போவது எளிதல்ல. ஜாக்சனை எழுத்து மூலமான விதி கட்டியது. கோபாலனைக் கட்டியது எழுதப்படாத நன்றி. இது என் ஊகமே. ஆனால் அவர் காலத்து மனிதர்கள் சோறிட்ட இடத்துக்கு எவ்வளவு கட்டுப்பட்டு நடந்தார்கள் என்பதை அறிந்தவர்கள் இதை உடனே தள்ளிவிடமாட்டார்கள்.

பிற்காலத்தில் அவர் கௌரவத்தோடு வாழ்ந்தார் என்பதில் ஐயமில்லை. தேர்வாளராக இருந்தார், 1950-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே அவர் பெயரால் ஒரு கோப்பை ஏற்படுத்தப்பட்டு, இலங்கை டெஸ்ட் தகுதி பெறாத அந்த நீண்ட ஆண்டுகளில் அத்தீவினருக்கு முதல்தர ஆட்டம் பழகும் களமாக உதவியது. 2003 டிசம்பர் 21-ஆம் தேதி சென்னையில் அவர் காலமானபோது, உலகத்தில் அப்போது உயிருடனிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் அவரே மூத்தவர். ஏடுகளில் அவர் பிறந்த ஆண்டு 1909. குடும்பத்தார் 1906 என்றார்கள்.

அவருக்குக் கிடைத்த ஏற்பாடு அவரோடு நின்றுவிடவில்லை. வங்கிகளும், ரயில்பெட்டித் தொழிற்சாலையும், சிமெண்டுக் கம்பெனியும், பிஸ்டன் செய்யும் கம்பெனியும் சென்னை லீகில் அணி வைத்து, ஆடத் தெரிந்த பையன்களுக்கு வேலை கொடுத்தன. அந்த வேலைகளை நம்பித்தான் மாகாணத்தின் நடுத்தர வகுப்புத் தகப்பன்மார்கள் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பத் துணிந்தார்கள். இதில் திண்டுக்கல் பையனுக்கு இருந்த சங்கடம் ஒன்று உண்டு: அணி வைத்திருந்த கம்பெனிகளின் வாசல் எல்லாம் சென்னையில் இருந்தது. ரயிலேறித் திருவல்லிக்கேணியில் அறை பிடிக்க வழியில்லாதவன், ஊரில் டென்னிஸ் பந்தோடு நின்றுவிட்டான். மலைக்கோட்டையின் நிழலில் எத்தனை கோபாலன்கள் பூட்டுப் பட்டறைக்கும் தோல் பதனிடும் கிடங்குக்கும் போய்ச் சேர்ந்தார்களோ!

2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திண்டுக்கல்லின் பெயரால் ஓர் அணி பிறந்தது. 2023-இல் அந்த லீகின் ஆட்டக்காரர்களை முதன்முறையாகப் பகிரங்க ஏலத்தில் விட்டார்கள். கோவை அணி சாய் சுதர்சனை 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. மறு ஆண்டு, ரவிச்சந்திரன் அஸ்வின் தலைமையில், திண்டுக்கல் அணி சேப்பாக்கத்தில் அந்தக் கோவையையே வென்று கோப்பையைக் கைப்பற்றியது. ஏலம் என்ற சொல்லைக் கேட்டால் புச்சிபாபுவின் காலத்துக் கனவான் ஒருவர் மூர்ச்சித்து விழுந்திருப்பார். சுருட்டுத் தொழிலாளியோ, கடைசியில் இவர்களுக்கும் எண்ணிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்களா என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பான். ஆனால் அந்த லீக் நடப்பது ஆண்டுக்கு ஒரு மாத அளவுதான். ஏலத்தில் பெருந்தொகை பெறுகிறவர்கள் சிலரே. அடிப்படைத் தொகைக்கு எடுக்கப்படும் மற்றவர்கள், விளக்குகள் அணைந்த மறுவாரமே, சென்னை லீகில் தங்களை வைத்திருக்கும் கம்பெனி அணிக்கு ஆடுவதற்காக ரயிலேறிவிடுகிறார்கள்.